மலையடிவாரத்தில் மறுபிறவி எடுத்த பழைய படங்கள்!

ஒரு சினிமா படத்துக்கு ஆயுள் எவ்வளவு?

கொட்டகையில் ஓடும் வரைதான் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நூறு நாள் ஓடினால் வெற்றிப் படம். பத்து நாளில் தூக்கப்பட்டால் தோல்விப் படம். இரண்டுமே கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அது தகரப் பெட்டி!

தகரப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த படங்களைத் தட்டி எழுப்பியது இன்னொரு பெட்டி. அதுதான் டெலிவிஷன் பெட்டி.

பெரிய நகரங்களில் இருந்தவர்களுக்கு இது ஒரு வசதி. ஆனால், கணியம்பாடி போன்ற மலையடிவார ஊர்களுக்கு இது ஓர் அதிசயமாகவே இருந்தது.

ஊரும் மலையும்

வேலூரில் இருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை ஊர். காட்பாடி–விழுப்புரம் ரெயில் பாதையில் இதுவும் ஒரு நிலையம். அமிர்திக் காட்டுக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போகிறார்கள். காட்டுக்கு அப்பால் எழுந்து நிற்கிறது ஜவ்வாது மலை.

நெல், கரும்பு, வேர்க்கடலை, கறவை மாடு என்று உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள். பகலெல்லாம் வயல் வேலை. பொழுது சாய்ந்தால் வீட்டு வேலை.

இவர்கள் படம் பார்க்க வேண்டும் என்றால் என்ன வழி? ஒன்று, பஸ் ஏறி வேலூருக்குப் போகவேண்டும். அல்லது பக்கத்தில் டூரிங் கொட்டகை வரும் வரை காத்திருக்க வேண்டும்.

மணல் தரை சினிமா

தமிழ்நாட்டில் கூடாரம் போட்டுப் படம் காட்டும் தொழிலுக்கு வழிகாட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரெயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். 1905-ம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்தார்.

அந்த வழியில் வந்தவைதான் டூரிங் கொட்டகைகள். கீழே மணல் தரை. பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால் நாற்காலி. பொழுது இருட்டினால்தான் படம் தெரியும். ஆகையால், முதல் ஆட்டமே இருட்டிய பிறகுதான். இரண்டாம் ஆட்டம் முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும்.

பெரும்பாலான கொட்டகைகளில் ஒரே ஒரு படக்கருவிதான் இருக்கும். சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்குக்காரருக்கும் சோடாக்காரருக்கும் கொண்டாட்டம்!

இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு ஆண்கள் இருட்டில் பேசிக்கொண்டே நடந்து வந்துவிடுவார்கள். பெண்கள்? கைக்குழந்தை வைத்திருப்பவள் எப்படிப் போவாள்? விடியற்காலையில் பால் கறக்க வேண்டியவள் எப்படிப் போவாள்? நடக்க முடியாத பாட்டிக்கு யார் துணை?

‘அந்தப் படமா? பாட்டு தெரியும். கதை தெரியும். படத்தைத்தான் பார்த்தது இல்லை!’ என்று சொல்லும் பெண்கள் அந்த நாட்களில் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

கேட்ட படத்தை அவர்கள் கண்ணால் பார்க்கும் காலம் பின்னால் வந்தது.

வந்தது டெலிவிஷன்

இந்தியாவில் முதன்முதலில் டெல்லியில், 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி பரீட்சார்த்தமாக டெலிவிஷன் தொடங்கியது. சென்னைக்கு வர மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, சுதந்திர தினத்தன்று, சென்னை டெலிவிஷன் நிலையம் பிறந்தது.

தொடக்கத்தில் தினமும் மாலையில் சில மணி நேரம்தான் நிகழ்ச்சி. உழவர்களுக்கு ‘வயலும் வாழ்வும்’. வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்கு ‘ஒலியும் ஒளியும்’. நேயர் கடிதங்களுக்கு ‘எதிரொலி’. ஞாயிற்றுக்கிழமை மாலை முழு நீளத் தமிழ்ப்படம். படத்தின் நடுவில் செய்தி வந்து கதையை நிறுத்தும். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தால் வீடே பெருமூச்சு விடும்!

பெட்டி வாங்குவது அப்போது எளிதல்ல. சாலிடேர், டயனோரா போன்ற பெட்டிகள் வசதியானவர் வீட்டில்தான் இருந்தன. மரத்தால் செய்த மடக்குக் கதவு. அதற்கு ஒரு பூட்டு. பெட்டி ஒன்று, பார்ப்பவர்கள் தெரு முழுவதும்! உள்ளே இடம் இல்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“வந்துச்சா? போயிடுச்சு!”

சென்னையில் இருந்து கணியம்பாடி 100 கிலோ மீட்டருக்கும் அதிக தூரம். டெலிவிஷன் அலை நேராகப் போகும் குணம் உடையது. பூமியோ உருண்டை. குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் அலை தலைக்கு மேலே போய்விடும். நடுவில் மலை நின்றால் மறைத்துவிடும்.

ஆகவே, உயரமான இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் மீன் முள் போன்ற ஆன்டெனாவைக் கட்டினார்கள். முகம் கிழக்கே, சென்னையைப் பார்த்து இருக்கவேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் திரையில் எறும்புக் கூட்டம்!

ஒருவர் மாடியில் குழாயைப் பிடித்துத் திருப்புவார். இன்னொருவர் கீழே பெட்டி முன்னால் நிற்பார்.

“வந்துச்சா?”

“இன்னும் கொஞ்சம் திருப்பு, மாமா! வந்துடுச்சு, வந்துடுச்சு… ஐயோ, போயிடுச்சு!”

தமிழ்நாட்டின் தென்கோடியிலும் இதே ஆட்டம்தான். ஆனால் திசை வேறு. இலங்கையில் 1982-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி ரூபவாகினி தொடங்கியது. தூத்துக்குடி, ராமேசுவரம் பக்கத்து மக்கள் ஆன்டெனாவைக் கடலுக்கு அப்பால் திருப்பினார்கள். ரூபவாகினியில் வந்த தமிழ்ப்படத்தைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்!

1983-ம் ஆண்டு ‘இன்சாட்-1பி’ செயற்கைக்கோள் வானில் ஏறியது. 1984-ம் ஆண்டில் நாடு முழுவதும் பல நகரங்களில் சிறிய ஒளிபரப்பு நிலையங்கள் வேகமாக எழுந்தன. படம் தெளிவாக வந்தது. ஆனால், இவற்றில் பல நிலையங்கள் தொடக்கத்தில் டெல்லி நிகழ்ச்சியைத்தான் வாங்கிக் கொடுத்தன. தமிழ் கேட்க வேண்டும் என்றால் மறுபடியும் உயரக் குழாயும் சென்னைத் திசையும்தான் கதி.

இரவில் ஏன் தெளிவு?

தூரத்து ஊர்களில் டெலிவிஷன் பார்த்தவர்கள் ஓர் உண்மையை அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள். ‘ராத்திரி ஆக ஆகத்தான் படம் நன்றாகத் தெரிகிறது’ என்றார்கள்.

இதில் விஞ்ஞானம் இருக்கிறது. காற்று இல்லாத இரவுகளில் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று போர்வை போல நிற்கும். அப்போது டெலிவிஷன் அலைகள் மேலே ஓடிப்போகாமல் கொஞ்சம் வளைந்து, தரையை ஒட்டி நெடுந்தூரம் போகும். பகலில் எட்டாத ஊருக்கும் அந்த இரவில் எட்டும்.

இன்னொரு காரணம் மின்சாரம். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது மின் அழுத்தம் குறையும். திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கும். இரவு ஏறி விளக்குகள் அணைந்த பிறகு படம் திரை முழுவதும் நிறையும்.

பின்னாளில் நேரம் கூடி, சில நாட்களில் இரவுச் செய்திக்குப் பிறகும் படம் வந்தது. வேலை முடிந்து, பாத்திரம் கழுவி, குழந்தையைத் தூங்கவைத்த பிறகு ஒரு தாய் உட்கார்ந்து படம் பார்க்க முடிந்தது. வாசலில் நாய் குரைக்கும். திரையில் பழைய கதாநாயகி பாடுவாள். யாரும் எழுந்துவிடக் கூடாது என்று ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்பாள்!

கறுப்பு-வெள்ளைக்கு லாபம்

1982-ம் ஆண்டு இந்திய டெலிவிஷனுக்கு வண்ணம் வந்தது. ஆனால், பல ஆண்டுகள் வரை கிராமத்துப் பெட்டிகள் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள்தான்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. புதிய வண்ணப்படம் வந்தால் சாயம் போன சேலை மாதிரி தெரிந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) கூட அந்தப் பெட்டியில் சாம்பல் நிறம்தான். ஆனால், பழைய கறுப்பு-வெள்ளைப் படம் வந்தால் குறைவே இல்லை! எப்படி எடுத்தார்களோ அப்படியே தெரிந்தது.

இன்னொரு விசேஷமும் உண்டு. சினிமாச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள். நம் நாட்டு டெலிவிஷனில் ஒரு நொடிக்கு 25. அதற்கு ஈடுகொடுக்கச் சுருளைக் கொஞ்சம் வேகமாக ஓட்டவேண்டும். அப்படி ஓட்டும்போது இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது!

அம்மாவின் கதாநாயகன்

டெலிவிஷனில் வந்த பழைய படம் இரண்டு விதமான கண்களுக்கு விருந்தானது.

பெரியவர்களுக்கு அது திரும்பக் கிடைத்த இளமை. எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ (1944), சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அந்தப் பெயரைச் சொன்னாலே தாத்தாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இளையவர்களுக்கோ அது புதுக் கண்டுபிடிப்பு. பி.யு.சின்னப்பா 1951-ம் ஆண்டிலும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957-ம் ஆண்டிலும், பாகவதர் 1959-ம் ஆண்டிலும் மறைந்தார்கள். பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பிறந்ததே அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு! ஆயினும், கலைவாணரும் டி.ஏ.மதுரமும் திரையில் வந்தவுடன் சிரித்தார்கள்.

எம்.ஜி.ஆரை முதல்-அமைச்சராக மட்டுமே அறிந்த சிறுவர்கள், அவர் வாள் வீசிக் கோட்டைச் சுவர் தாண்டுவதைக் கண்டு வாயைப் பிளந்தார்கள்.

“பாட்டி, நிஜமாவே இவருதானா?”

“இவருதான்டா கண்ணு. நாங்க எல்லாம் சின்னப் புள்ளையா இருக்கச்சே இப்படித்தான் இருந்தாரு!”

அந்த ஒரு கேள்வியில் இருந்து பேச்சு வளரும். பாட்டி எந்த ஊரில் பிறந்தாள், அப்போது அரிசி என்ன விலை, யாரோடு போய்ப் படம் பார்த்தாள், திரும்பி வந்தபோது வீட்டில் என்ன திட்டு வாங்கினாள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பேரன் படத்தோடு சேர்த்துப் பாட்டியையும் கண்டுபிடிப்பான்!

கொட்டகையில் ஏமாந்த நல்ல படங்களுக்கும் டெலிவிஷன் இரண்டாவது வாய்ப்பைக் கொடுத்தது. ஏவி.எம். தயாரித்து எஸ்.பாலச்சந்தர் டைரக்ட் செய்த ‘அந்த நாள்’ (1954) இதற்கு உதாரணமாகச் சொல்லத்தக்க படம். பாட்டு இல்லை. நடனம் இல்லை. ஒரு கொலையைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லும் கதை. சிவாஜிகணேசன் நடித்தும் வெளிவந்த காலத்தில் அது பெரிய வசூல் படம் அல்ல. பின்னாளில்தான் தமிழின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்று பெயர் பெற்றது. அமைதியாக உட்கார்ந்து பார்க்கவேண்டிய இத்தகைய படங்களுக்கு வீட்டுத் திரையே ஏற்ற இடம்.

தெரியாத மொழி, தெரிந்த கதை

ஞாயிறு பிற்பகலில் டெல்லி தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்களை முறைவைத்துக் காட்டியது. ஒரு வாரம் வங்காளம், ஒரு வாரம் மலையாளம், ஒரு வாரம் ஒரியா. தமிழின் முறை எப்போது வரும் என்று நம்மவர்கள் காத்திருந்தார்கள். அடியில் ஓடிய ஆங்கில எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே.

ஆனாலும் பார்த்தார்கள்! சத்யஜித் ரேயின் ‘பாதேர் பாஞ்சாலி’ (1955) வங்காளக் கிராமத்து ஏழைக் குடும்பத்தின் கதை. அதில் ஒரு கிழவி இருக்கிறாள். பசி இருக்கிறது. ரெயிலைப் பார்க்க ஓடும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள வங்காளி தெரியவேண்டுமா? மழையில் ஒழுகும் வீட்டில் வாழ்ந்தவருக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் தேவை இல்லை.

பழைய ஒளி

ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தில் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-ம் ஆண்டு முதல் வேலை செய்கிறது. அதில் தெரியும் நட்சத்திர ஒளி இன்று புறப்பட்டது அல்ல. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்டு, இப்போதுதான் வந்து சேர்கிறது.

மலைக்கு மேலே விஞ்ஞானிகள் பழைய ஒளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்குக் கீழே கிராமத்து ஜனங்களும் பழைய ஒளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. நட்சத்திர ஒளியை யாரும் பாதுகாக்க வேண்டியது இல்லை. சினிமாவை மனிதர் பாதுகாத்தால்தான் உண்டு.

வேலூர்க்காரர் எடுத்த படம் எங்கே?

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படத்தை எடுத்தவர் ஆர்.நடராஜ முதலியார். இவர் வேலூர்க்காரர்! சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்தவர். சினிமா ஆசையால் புனாவுக்குப் போய், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமரா பிடிக்கக் கற்றார். திரும்பி வந்து, 1910-களின் கடைசியில் ‘கீசகவதம்’ படத்தை எடுத்தார்.

கணியம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரர் எடுத்த அந்தப் படத்தை எந்த டெலிவிஷனாலும் காட்ட முடியாது. ஏன்? அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அது மட்டுமா? 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ இல்லை. அதில் கதாநாயகியாக நடித்த டி.பி.ராஜலட்சுமி தாமே டைரக்ட் செய்த ‘மிஸ் கமலா’ (1936) இல்லை. பாகவதருக்குப் பெரும் புகழ் தந்த ‘சிந்தாமணி’ (1937) இல்லை.

எங்கே போயின? 1950-களின் தொடக்கம் வரை சினிமாச் சுருள் ‘நைட்ரேட்’ என்ற பொருளால் செய்யப்பட்டது. சுலபத்தில் தீப்பிடிக்கும். பிடித்தால் அணைப்பது கடினம். வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் தானாகவே கெட்டு, பிசுபிசுத்து, பொடியாகிவிடும். மேலும், கறுப்பு-வெள்ளைச் சுருளில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த படத்தை வைத்திருந்து என்ன லாபம் என்று, சுருளைக் கரைத்து வெள்ளி எடுத்தார்கள். சில ரூபாய் வெள்ளிக்காக ஒரு சரித்திரம் கரைந்தது!

தப்பிப் பிழைத்த படத்தின் கதையும் வினோதமானது. 1933-ம் ஆண்டு வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கியது. புத்தக வெளியீட்டாளர் கைக்குப் போன பிரதி அப்படியே கிடந்தது. 1974-ம் ஆண்டில் புனா திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்கில் சிக்கியதால் உயிர் பிழைத்தது!

புனா காப்பகம் தொடங்கியதே 1964-ம் ஆண்டில்தான். அதற்குள் இழந்தது ஏராளம். அங்கும் 2003-ம் ஆண்டு ஜனவரியில் ஏற்பட்ட தீயில் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்தன.

இன்றைய நிலை

1993-ம் ஆண்டில் சன் டி.வி. வந்தது. தொடர்ந்து சேனல்கள் பெருகின. 2006-ம் ஆண்டில் தமிழக அரசின் இலவச வண்ண டெலிவிஷன் திட்டம் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று பார்க்கும் காலம் முடிந்தது. அது நல்லதுதான்.

‘பொதிகை’ என்ற பெயரில் நடந்த தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல், 2024-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி ‘டிடி தமிழ்’ ஆயிற்று. பழைய முறையில் தரைவழியே ஒளிபரப்பிய நிலையங்களில் பெரும்பாலானவை 2022-ம் ஆண்டுக்குள் நிறுத்தப்பட்டுவிட்டன. மீன் முள் ஆன்டெனாவுக்கு இப்போது வேலை இல்லை. சில வீடுகளில் துணி காயப்போடும் கம்பியாக நிற்கிறது!

இப்போது பழைய படம் பார்க்க இரவு வரை காத்திருக்க வேண்டாம். கையில் உள்ள போனில் எந்த நேரமும் பார்க்கலாம். ஆனால், பேரன் ஒரு மூலையில் ஒரு போனில் ஒன்றைப் பார்க்கிறான். பாட்டி இன்னொரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். “இவருதானா?” என்று கேட்க ஆள் இல்லை.

நம்மால் ஆவது

படச்சுருளைக் காப்பது அரசாங்கத்தின் வேலை, பட அதிபர்களின் வேலை. வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு.

அந்தக் காலத்தில் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். சில பக்கம்தான். கதைச் சுருக்கம், நடிகர்கள் பெயர், பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். மறைந்துபோன பல படங்களுக்கு இன்று மிஞ்சிய சாட்சி அதுதான். பிலிம் நியூஸ் ஆனந்தன் தம் வாழ்நாள் முழுவதும் இப்படிப்பட்ட புத்தகங்களையும் புகைப்படங்களையும் தேடிச் சேர்த்துத்தான் தமிழ் சினிமாவின் சரித்திரத்தை எழுதினார். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ பட நோட்டீசோ கிடந்தால், கடலை மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்!

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பழைய படத்தைப் போடுங்கள். போனில் வேண்டாம், பெரிய திரையில் போடுங்கள். பாட்டியை நடுவில் உட்கார வையுங்கள். பாதிப் படத்தில் பாட்டி பேசத் தொடங்கினால், படத்தை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

படத்தை நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம்!